சௌல்தாரியிலிருந்து ஒரு பகற்பயணம்

நம் இதழில் காசிப் பயணமும் டார்ஜிலிங் பயணமும் முன்பே வெளிவந்துள்ளன. அவற்றை எழுதியோர் கற்றறிந்தவர்கள். நானோ பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, கரக்பூர் ரயில் நிலையத்தில் பார்சல் அலுவலக எழுத்தனாகக் காலந்தள்ளுபவன். ஆயினும் கடந்த ஜனவரித் திங்களில் குடும்பத்தோடு அந்தமான் சென்று வந்த செய்தியைக் கேட்ட செயலாளர், “கண்டதை அப்படியே எழுதித் தாரும்” என்று பணித்தார். அவர் சொல்லைத் தட்ட இயலாமல் எழுதுகிறேன். பிழை இருப்பின் பொறுத்தருள்க.

என் அக்காளை அந்தமானில் மணம்செய்து கொடுத்துப் பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. தென் அந்தமான் தீவில், தலைநகராகிய போர்ட் பிளேருக்கு அப்பால் சௌல்தாரி என்னும் சிற்றூரில் அவள் குடும்பம் இருக்கிறது. அத்தான் மோட்டார் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். போர்ட் பிளேருக்கு 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். எனினும் அங்குள்ள நம்மவர் வாயில் இன்னும் பழைய பெயரே வழங்குகிறது.

உலகத்திலேயே நீளமான நடைமேடை என்று பல ஆண்டுகள் பெயர்பெற்றிருந்தது எங்கள் கரக்பூர் நடைமேடை. அதன் நீளம் 1,072 மீட்டருக்கும் சற்று மேல். அப்பெருமை 2013-இல் கோரக்பூருக்கும், பின்னர் ஹூப்ளிக்கும் போய்விட்டது. அத்தகைய ஊரிலிருந்து, தண்டவாளம் என்பதே இல்லாத தீவுக்கு ஒரு ரயில்வேக்காரன் போனான் என்றால் சிரிப்புக்கு இடமுண்டு. எங்கள் இலவசப் பயணச்சீட்டு ஹௌராவோடு சரி. அதற்குமேல் எல்லாரையும் போலக் கட்டணம் கட்டித்தான் கொல்கத்தாவில் கப்பலேறினோம். நான்காம் நாள் ஹாடோ துறையில் இறங்கினோம். என் மனைவிக்குக் கடல்மயக்கம் தெளிய மேலும் இரண்டு நாள் ஆயிற்று.

சௌல்தாரியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சோல்தாரி என்றால் இந்துஸ்தானியில் சிறு கூடாரம் என்று பொருள். பெயருக்கேற்ப எளிய ஊர். பாக்குத் தோட்டம், தென்னை, வாழை, தகரக் கூரை வேய்ந்த வீடுகள், மேட்டிலும் பள்ளத்திலுமாக ஏறி இறங்கும் பாதை. வங்காளியர், மலையாளிகள், தெலுங்கர், ராஞ்சிப் பக்கத்து மக்கள், தமிழர் என்று பல இனத்தார் இத்தீவில் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். தெருவில் எல்லோருக்கும் பொதுமொழி இந்தி. அக்காள் பிள்ளைகள் வாசற்படிக்கு வெளியே இந்தியும் உள்ளே தமிழும் பேசுகிறார்கள். தமிழ்வழி கற்பிக்கும் அரசுப் பள்ளிகளும் தீவில் உள்ளன என்பது நம் போன்றோர் மகிழத்தக்க செய்தி.

இந்தச் சிற்றூருக்கு ஒரு பழம்பெருமை உண்டு. ஸரீன் கூப்பர் என்னும் தொல்லியல் அறிஞர் இங்கே ஒரு சிப்பிக் குவியலை அகழ்ந்து ஆராய்ந்தார். பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் தங்கி, சிப்பியும் நத்தையும் காட்டுப்பன்றியும் உண்டு எறிந்த ஓடுகளும் எலும்புகளும் மேடாகக் குவிந்தது அது. அதன் காலம் ஏறக்குறைய 2,200 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று கணித்திருக்கிறார்கள். அந்தமான் தீவுகளில் இதுவரை காலம் கணிக்கப்பெற்ற குடியிருப்புகளுள் மிகப் பழமையானவற்றில் இதுவும் ஒன்று. நம் நாட்டில் சங்கப் புலவர்கள் பாடிய காலத்தை ஒட்டி, இங்கே ஒரு கூட்டத்தார் அடுப்பு மூட்டி உண்டு வாழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் விட்டுச் சென்றது வெறும் ஓடுகளே.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக ஓர் உலாச் செல்வதென்று அத்தான் ஏற்பாடு செய்தார். வண்டூர் சென்று, அங்கிருந்து படகேறி ஜாலி பாய் தீவைக் காண்பது. திரும்பும் வழியில் பறவைகளைப் பார்ப்பது. நண்பர் ஒருவருடைய வேனை அத்தான் தாமே ஓட்ட இசைந்தார். நாங்கள் நால்வர், அக்காள் வீட்டார் நால்வர், அக்காளின் மாமனார் ஒருவர், ஆக ஒன்பது பேர்.

மாமனாரைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். இராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரைச் சிற்றூரினர். 1966-இல் பதினெட்டு வயதில் கூலி வேலைக்காகக் கப்பலேறி வந்தவர். சாலை போட்டார், மரம் அறுத்தார், கல் உடைத்தார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் சிப்பிகாட் என்னுமிடத்தில் இரண்டு ஏக்கர் நன்செய் வாங்கினார். இத்தனை ஆண்டுகளில் ஜாலி பாய்க்கு அவர் ஒருமுறைகூடப் போனதில்லை. “கடலைப் பார்க்கக் காசு கொடுப்பார்களா, தம்பி? நான் கடலிலேயே பிறந்தவன்” என்பார். அன்றும் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். என் இளைய மகள், எட்டு வயதினள், “தாத்தா வந்தால்தான் நான் வண்டியில் ஏறுவேன்” என்று படியில் உட்கார்ந்துகொண்டாள். அவர் வந்தார்.

அந்தமானில் பொழுது வெகு விரைவில் புலர்கிறது. கிழக்கே வெகுதூரத்தில் இருந்தும் கடிகாரம் மட்டும் நம்முடையதே ஆதலால், ஜனவரியிலும் ஐந்தரை மணிக்கெல்லாம் நன்கு வெளுத்துவிட்டது. ஆறு மணிக்குப் புறப்பட்டோம். முதலில் சிப்பிகாட் வந்தது. “பெயரிலேயே சிப்பி இருக்கிறதே!” என்று பிள்ளைகள் கூவினார்கள்.

சாலையின் ஓரமாக அகன்ற நீர்ப்பரப்பு. நடுநடுவே கோரையும் நாணலும், ஆங்காங்கே பட்டுப்போன மரத்தூண்கள். அந்த நீரெல்லாம் பறவைகள். வெண்கொக்குகள் ஒற்றைக் காலில் நின்றன. செந்நாரை ஒன்று கழுத்தை நீட்டி அசையாதிருந்தது. நீலத் தாழைக்கோழிகள் சிவந்த நெற்றியோடு கோரைக்குள் நடந்தன. சீழ்க்கைச் சிறகிகள் கூட்டமாக மிதந்தன. இத்தீவுகளுக்கே உரிய அந்தமான் சிறகி என்னும் வாத்தும் இந்நீர்நிலைகளில் உண்டு. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்டாற்போன்ற பழுப்பு நிறப் பறவை அது. அத்தான் இரண்டைக் காட்டினார். பிள்ளைகள் எண்ணத் தொடங்கி நூற்றுக்குமேல் கணக்கை இழந்தார்கள்.

மாமனார் மட்டும் வண்டியை விட்டு இறங்கவில்லை. மறுபக்கச் சன்னல் வழியே எதிரிலிருந்த மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அருகிற் சென்று, “மாமா, இறங்கவில்லையா?” என்றேன். “நீங்கள் பாருங்கள், தம்பி” என்றார். அக்காள் என்னைத் தனியே அழைத்து, “அது நம் வயல். கேட்காதே” என்று மெல்லச் சொன்னாள். அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலை ஆறரை மணிக்கு ஏற்பட்ட நிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் நாம் மறந்திருக்க மாட்டோம். நாகப்பட்டினத்துத் துயரத்தை அறிவோம். அந்தமான் நிக்கோபாரில் அலையோடு வேறொன்றும் நேர்ந்தது. நிலமே இடம் மாறியது. ஒரு பலகையை ஒருபுறம் அழுத்தினால் மறுபுறம் எழும்புமே, அவ்வாறு வட அந்தமான் பக்கத்தில் நிலம் ஒரு மீட்டரளவு எழும்பியது. பவளப்பாறைகள் நீருக்கு மேலே வந்து காய்ந்து மடிந்தன. தென் அந்தமானிலோ நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் அமிழ்ந்தது. நிக்கோபார்த் தீவுகளில் அதனினும் மிகுதியாக அமிழ்ந்தது. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் இலங்கையிலிருந்து வந்த நம் தமிழ்க் குடும்பங்களை ரப்பர்த் தோட்டத்திற் குடியமர்த்திய கச்சல் தீவும் பேரழிவுக்குள்ளாயிற்று.

அலை என்றால் வரும், போகும். ஆனால் நிலமே தாழ்ந்துவிட்டால் வந்த கடல் எப்படித் திரும்பும்? ஒவ்வொரு நாளும் கடலேற்றத்தின்போது கழிமுகம் வழியாக உப்புநீர் உள்ளே வந்தது. சிப்பிகாட்டுத் தாழ்நிலங்கள் நீரில் நின்றுவிட்டன. அந்தமான் உழவர்கள் நெடுங்காலமாகப் பயிரிட்டு வந்தது சி-14-8 என்னும் நீண்டநாள் நெல். மழைக்காலத்தில் நட்டால் ஆறு மாதங் கழித்து, ஆண்டின் கடைசியில்தான் அறுவடை. மாமனாரின் வயலில் கதிர் முற்றி நின்றது. மறுநாள் அரிவாளோடு ஆள்கள் வருவதாயிருந்தது. கடல் முந்திக்கொண்டது.

இவ்வளவையும் அக்காள் வண்டி ஓடும்போது தணிந்த குரலில் எனக்குச் சொன்னாள். பின்னிருக்கையில் பிள்ளைகள் கண்ட பறவைகளின் பெயர்களை ஒப்புவித்துக்கொண்டு வந்தார்கள். ஒரே நீர், ஒரு வீட்டாருள் சிலருக்குத் திருவிழாவும் ஒருவருக்கு இழவுவீடுமாக இருந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வண்டூர் தீவின் மேற்குக் கரையில் உள்ளது. மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் வாயில் அதுவே. 1983-ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பெற்ற இப்பூங்கா 15 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் கொண்டது. பரப்பு 281 சதுரக் கிலோமீட்டருக்கும் மேல். ஜாலி பாய் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. மழை நீங்கிய மாதங்களில் ஜாலி பாய்க்கும், மழைக்காலத்தில் ரெட் ஸ்கின் என்னும் வேறொரு தீவுக்கும் மாறிமாறி மக்களை விடுகிறார்கள். பவளத்துக்கு ஓய்வு கொடுப்பதே இதன் கருத்து. வனத்துறை அனுமதி முன்கூட்டியே பெறவேண்டும். திங்கட்கிழமை விடுமுறை.

துறையில் அமர்ந்து அக்காள் கட்டிவந்த புளிச்சோற்றை உண்டோம். கடற்கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தது. உவர்நீர் முதலைகள் இக்கழிமுகங்களில் உண்டு. எனவே கண்ட இடத்திற் குளிக்கக் கூடாது. படகேறுமுன் காவலர் ஒவ்வொருவர் பையையும் திறந்து பார்த்தார். பிளாஸ்டிக் பொருள் ஒன்றும் தீவுக்குப் போகலாகாது. தண்ணீர்ப் புட்டி, பிஸ்கட் உறை, என் மனைவி மறந்து வைத்திருந்த பால்பவுடர்ப் பொட்டலம் எல்லாம் கரையிலேயே தங்கின. பிறர் முணுமுணுத்தார்கள். எனக்கோ மனநிறைவாயிருந்தது. பதினான்கு ஆண்டுகளாகப் பார்சல்களை எண்ணியும் எடைபோட்டும் பதிவுசெய்பவன் நான். ஒழுங்காகச் சோதிப்பவனைக் கண்டால் என் இனத்தானைக் கண்டாற்போல் இருக்கும்.

படகு கண்டல் காடுகளுக்கு இடையே ஏறக்குறைய ஒரு மணி நேரம் சென்றது. வேர்கள் நீருக்குமேல் வளைந்து நின்று ஊன்றுகோல்கள்போல் மரங்களைத் தாங்கின. வெண்வயிற்றுக் கடற்கழுகு ஒன்று எங்கள் தலைக்குமேல் வட்டமிட்டது. பின்னர்க் காடு விலகி, நீலமும் பச்சையுமான கடல் நடுவே வெண்மணற்கரையோடு ஜாலி பாய் தோன்றியது. அங்கே வீடில்லை, கடையில்லை. இரவு தங்கவும் இடமில்லை.

அடித்தட்டிற் கண்ணாடி பதித்த சிறு படகில் எங்களை ஏற்றினார்கள். கண்ணாடிக்குக் கீழே கண்டதை என் எழுத்தில் அடக்குவது கடினம். மான்கொம்பு போன்ற பவளங்கள், மனித மூளைபோல் மடிப்பு மடிப்பான பவளங்கள், வாய் திறந்து கிடக்கும் பெருஞ்சிப்பி, பூப்போல் விரியும் கடற்சாமந்தி, அதன் இதழ்களுக்குள் அச்சமின்றி ஒளிந்து விளையாடும் சிறு மீன்கள், பாறையைக் கொறிக்கும் கிளிமீன்கள். பவளம் கல்லன்று, உயிர் என்பதைப் படகோட்டி விளக்கினார். சிற்றுயிர்கள் கோடிக்கணக்காகக் கூடிக் கட்டிய வீடு அது. கடல்நீர் அளவுக்குமேல் சூடேறினால் தம்முள் வாழும் பாசியை இழந்து அவை வெளுத்துப்போகின்றன. 2010-இலும் 2016-இலும் இக்கடலில் அவ்வாறு நேர்ந்தது. வெளுத்து மடிந்த பவளங்கள் சாம்பல் நிறத்திற் சிதறிக் கிடந்ததை நாங்களும் கண்டோம். அவற்றினிடையே புதியவை விரல்நீளம் துளிர்த்திருந்தன.

மாமனார் கண்ணாடியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நெடுநேரம் கழித்து, “இதைத்தான் நான் உடைத்தேன்” என்றார். ஒருவருக்கும் விளங்கவில்லை.

கரையேறி நிழலில் அமர்ந்தபின் அவரே சொன்னார். அவர் பிறந்த மன்னார் வளைகுடாக் கரையில் அந்நாளிற் பவளப்பாறையை வெட்டிக் கரைசேர்ப்பது ஒரு தொழில். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகும், வீடுகட்டவும் போகும். சிறுவனாக இருந்தபோது தந்தையோடு தோணியிற் சென்று கடப்பாரையால் அதைப் பெயர்த்திருக்கிறார். “கல்லென்றே நினைத்தோம், தம்பி. நீருக்குள் இப்படி இருக்குமென்று அன்று எவரும் காட்டவில்லை. காட்டியிருந்தாலும் வயிறு கேட்டிருக்குமா என்பது வேறு” என்றார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவாயின. அவற்றுள் விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டு தீவுகள் இன்று நீருக்குள் மூழ்கிவிட்டன. அலையைத் தடுக்கும் பவளப்பாறையை வெட்டியெடுத்ததே முதற் காரணம் என்று அறிஞர்கள் கூறுகிறார்கள்.

“பிறந்த ஊரில் நாங்கள் தீவைக் கரைத்தோம். வந்த ஊரில் கடல் என் வயலைக் கரைத்தது. இதற்கு அது பழி என்று சொல்லமாட்டேன். இங்கே உழுது தின்றவன் அங்கே ஒரு பாவமும் செய்யாதவனாகவும் இருந்தான். அவன் வயலும்தான் போயிற்று. ஆனால் நிலம் நம்முடையதென்று நாம்தான் சொல்லிக்கொள்கிறோம், அது சொல்வதில்லை” என்றார்.

திரும்புவதற்கு மணி அடித்தபோது, என் மகளின் பாவாடைப் பை புடைத்திருப்பதை அவர்தாம் முதலிற் கண்டார். உள்ளே புலிப்புள்ளி போட்ட அழகிய சோழியொன்றும் இரண்டு பவளத்துண்டுகளும் இருந்தன. பூங்காவிலிருந்து சிப்பியோ பவளமோ ஒன்றும் எடுத்துவரலாகாது. செத்த பவளத்துண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டதே. உண்மையைச் சொன்னால், சிறு பெண்தானே, ஒரு சோழிதானே என்று என் மனம் ஒரு கணம் சறுக்கியது. கணக்கில் வராத சரக்கை நாளெல்லாம் பிடிப்பவன், தன் மகள் பையென்றதும் கண்ணை மூடப் பார்த்தேன். அவர் அவளைக் கையைப் பிடித்து நீரோரம் அழைத்துச் சென்றார். “இதற்குள் இனி ஒரு நண்டு குடியேறும், கண்ணு. வீடில்லாமல் அலையும் நண்டு. அதன் வீட்டை நாம் எடுத்துப் போகலாமா?” என்றார். அவள் அழுதாள். அழுதுகொண்டே மூன்றையும் திரும்ப வைத்தாள். அவ்வளவில் ஒரு துறவி நண்டு வேறொரு ஓட்டைச் சுமந்துகொண்டு மணலில் ஓடிற்று. அவள் அழுகை நின்றது.

மாலையில் திரும்பும்போது, அக்காளின் மூத்த மகன் ஒரு கேள்வி கேட்டான். “சாலையில் வடக்கே போனால் ஜாரவா மக்களைப் பார்க்கலாமாமே, மாமாவுக்குக் காட்டலாமா?” அத்தான் வண்டியை ஓட்டியவாறே, “மிருகத்தையும் பறவையையும் பார்க்கலாம். மனிதரைப் பார்க்கப் போகக்கூடாது” என்றார். ஜாரவாக் காப்புநிலத்தின் வழியே செல்லும் வண்டிகள் கூட்டாகவே விடப்படுகின்றன. நிற்கவும் படமெடுக்கவும் தடையுண்டு. அவர்கள் இம்மண்ணின் மூத்த குடிகள். பின்வந்த நாம் அவர்கள் வாசலை எட்டிப்பார்ப்பது முறையன்று. இதையும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள்.

சிப்பிகாட்டை அடைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. “வண்டியை நிறுத்து” என்றார் மாமனார். அத்தான் திடுக்கிட்டு நிறுத்தினார். இருபதாண்டுகளில் அவர் அவ்விடத்தில் நிறுத்தச் சொன்னது அதுவே முதல்முறை என்று பின்னர் அறிந்தேன். அவர் இறங்கிச் சாலையோரம் நின்று, பிள்ளைகளை அழைத்தார்.

“அந்தப் பட்டமரம் தெரிகிறதா? அது நம் தென்னை. அங்கிருந்து இந்தக் கோரை வரையில் ஒரு ஏக்கர். ஒரு கொக்கு நிற்கிறதே, அங்கேதான் களத்துமேடு. உங்கள் அப்பாவைத் தூளி கட்டிப் போட்டிருந்தது அதற்குக் கிழக்கே” என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பிள்ளைகள் காலையிற் பறவைகளை எண்ணியதுபோல் இப்போது வரப்புகளை எண்ணினார்கள். “அப்படியானால் இந்தப் பறவையெல்லாம் நம் வயலிலா இருக்கின்றன, தாத்தா?” என்று என் மகள் கேட்டாள். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, “ஆமாம் கண்ணு, குத்தகையில்லாமல் இருக்கின்றன” என்றார். அக்காள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருட்டும் வரையில் அங்கே நின்றோம்.

அன்பர்களே, நாம் அனைவரும் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள். வந்த ஊரில் ஒரு வீடும் ஒரு துண்டு நிலமும் வாங்கிவிட்டால் வேரூன்றிவிட்டோம் என்று மகிழ்கிறோம். அது தவறன்று. ஆயினும் சௌல்தாரியின் சிப்பிமேடு 2,200 ஆண்டுகளாகச் சொல்லுவதும், சிப்பிகாட்டு வயல் இருபது ஆண்டுகளாகச் சொல்லுவதும் ஒன்றே. நாம் விருந்தினர். விருந்தினர் செய்யத்தக்கது, உண்ட இலையை எடுத்தெறிந்து, இடத்தைத் துப்புரவாக விட்டு, வீட்டுப்பொருளைப் பையில் போடாமல் விடைபெறுவது. என் மகள் இதை ஒரு பகலிற் கற்றாள். நான் முப்பத்தாறு வயதிற் கற்றேன்.

அந்தமான் செல்லும் குடும்பங்கள் நவம்பர் முதல் ஏப்ரல் வரை செல்வது நலம். சிறைச்சாலையும் கடற்கரையும் கண்டபின் ஒரு பகலை வண்டூருக்கு ஒதுக்குங்கள். வழியில் சிப்பிகாட்டில் கால் மணி நேரம் இறங்கி நில்லுங்கள். பறவைகள் மிகுதி. அந்நீரின் கீழே ஒருவருடைய களத்துமேடு இருக்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.